நீலக் கைலி அட்டை

அந்தச் சேதி வந்து இறங்கியபோது பரங்கிப்பேட்டைக் கயிற்றுக் கடையில் இருந்தவர்கள் நாலு பேர். கடைக்காரர் அப்துல் மஜீத். அவருடைய அக்காள் மகன் முஹம்மது இஸ்மாயில். பினாங்கிலிருந்து வந்து நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி, பெட்டியை வீட்டில் வைக்காமல் நேரே கடைக்கு வந்தவன். படகுக்குத் தாரும் கயிறும் வாங்க வந்த சாமிக்கண்ணு. மழைக்கு ஒதுங்கி, சைக்கிளைத் தாழ்வாரத்தில் சாய்த்துவிட்டு நின்ற புத்தகக்காரன் காசிநாதன். ஐந்தாவதாக ஒரு பூனையும் இருந்தது. வாயைத் திறக்காது என்று நம்பக்கூடியது அது ஒன்றுதான்.

இஸ்மாயில் சுற்றி வளைக்கவில்லை. மஜீதின் ஒரே மகன் லியாக்கத் அலி புரட்டாசி கடைசி வெள்ளிக்கிழமை பினாங்கில் காய்ச்சலில் இறந்துபோனான். குளிப்பாட்டியதும் மண் போட்டதும் இஸ்மாயில்தான். தபாலில் எழுதக் கை வரவில்லை, அதனால் நேரில் வந்தேன் என்றான்.

மஜீத் அப்போது சாமிக்கண்ணுக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தார். அளப்பதை நிறுத்தவில்லை. கையை விரித்து, மார்போடு சேர்த்து, மறுபடி விரித்து, கேட்ட அளவு வந்ததும் அறுத்துச் சுருட்டிக் கொடுத்தார். பிறகு எழுந்துபோய்ப் பட்டப்பகலில் கடையின் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாக மாட்டினார். உள்ளே தார் வாசனையும் இருட்டும் மட்டும் இருந்தன. ஓட்டின் மேல் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

இருட்டிலேயே பேசினார். மகள் அஜீசுன்னிசாவுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறது, நோன்புக்கு முந்தின ஷபான் மாதத்தில். ஏற்கெனவே ஒரு சம்பந்தம் கைகூடி வந்து உடைந்த பெண். இந்த மாப்பிள்ளை கல்யாணம் முடிந்ததும் கப்பலேறப் போகிறவன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சாவு வெளியே தெரிந்தால் நிக்காஹ் தள்ளிப்போகும், மாப்பிள்ளை போய்விடுவான், திரும்பி வரும்போது அவனுக்கு இவள் ஞாபகம் இருக்குமா என்பது அல்லாவுக்குத்தான் வெளிச்சம். அரிசிக்கு ஊர் ஊராய் அலைந்த அறுபத்தைந்தாம் வருஷம் அது. கீரப்பாளையம் பக்கம் கெஞ்சிக் கூத்தாடி விருந்துக்கு அரிசி சேர்த்து வைத்திருந்தார். அதையும் சொன்னார். மகன் செத்த சேதி கேட்ட மனுஷன் அரிசியைப் பற்றிப் பேசுகிறாரே என்று காசிநாதனுக்குத் தோன்றியது. வேறு எதைப் பற்றிப் பேசினாலும் அவர் உடைந்துபோவார் என்பது அப்போது அவனுக்குப் புரியவில்லை.

"மருமவளுக்கு?" என்று சாமிக்கண்ணு கேட்டான்.

"அவளுக்குத்தான் மொதல்ல தெரியக் கூடாது. தெரிஞ்சா இத்தா உக்காந்துடுவா."

புருஷன் செத்தவள் நாலு மாசம் பத்து நாள் ஓர் அறைக்குள் இருக்க வேண்டும். அதுதான் இத்தா. அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. பூ, வளையல், நல்ல சேலை எதுவும் கூடாது. செத்த நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடும். மருமகள் சைனம்பு அறைக்குள் போன மறுநிமிஷம் ஊரே வாசலில் வந்து நிற்கும்.

"நிக்காஹ் முடிஞ்ச மறுநாள் நானே என் வாயால சொல்றேன். அதுவரைக்கும் இந்தப் பலகைக்கு வெளிய போகக் கூடாது."

இஸ்மாயில் குர்ஆன் மேல் சத்தியம் செய்தான். சாமிக்கண்ணு கடல் இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். காசிநாதன் தலையை மட்டும் ஆட்டினான். மஜீத் அவனைத் தனியே நிறுத்தினார்.

"வாரா வாரம் அந்தப் புள்ளகிட்ட பேசுற ஆளு நீதான் காசி. சாவு கீவு வர்ற கதையெல்லாம் இப்பக் குடுக்காத. சிரிக்கிற மாதிரி குடு. மனசு எங்கயும் போகக் கூடாது."

நாலு பேரில் தனக்குத்தான் சுலபமான வேலை என்று காசிநாதன் நினைத்தான்.

---

காசிநாதன் அண்ணாமலை நகரில் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவன். சிதம்பரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் ஒண்டியாக இருந்தான். சைக்கிளின் இரண்டு பக்கமும் கித்தான் பை. பை நிறையப் புத்தகம். வாடகைக்குக் கொடுத்து வாங்குவதுதான் பிழைப்பு. அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸ், கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை என்று ஒவ்வொரு ஊருக்கும் வாரத்தில் ஒரு நாள். பழைய புத்தகம், பத்திரிகையில் வந்த தொடர்கதை எல்லாவற்றையும் அவனே தைத்து, புளியங்கொட்டைப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து ஒட்டி, கிடைத்த துணியில் அட்டை போடுவான். தலைப்புப் பக்கம் கிழிந்துபோனவைதான் பாதிக்கு மேல். படிக்கிறவர்களே பேர் வைத்துவிடுவார்கள். கிணத்துக் கதை, கோர்ட்டுக் கதை, ரெட்டைப் பொண்டாட்டிக் கதை.

நல்ல புத்தகம் என்று எதையும் அவன் சொன்னதில்லை. நடுவிலிருந்து ஒரு காட்சியைச் சொல்வான், சொல்லிக்கொண்டே இருந்து சட்டென்று நிறுத்திவிட்டுப் பையைக் கட்டுவான். கேட்டவர்கள் பையை அவிழ்க்கச் சொல்வார்கள். வீடு பார்த்துக் கொடுக்கிற பழக்கமும் உண்டு. பிள்ளை இல்லாத வீட்டுக்குத் தாலாட்டு வருகிற கதை போகாது. ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருக்கிற வீட்டுக்கு ஆஸ்பத்திரிக் கதை போகாது.

இந்தச் சட்டம் செல்லுபடியாகாத வீடு ஒன்றே ஒன்றுதான். மஜீத் வீடு.

அந்த ஊரில் பெண்கள் புழங்குவதற்கென்று வீடுகளுக்குப் பின்னால் சந்து உண்டு. மஜீத் வீட்டுச் சாமான் அறை ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்தது. ஜன்னலில் பாதிக்குத் திரை. திரைக்குக் கீழே ஒரு கை வரும், கண்ணாடி வளையல் போட்ட கை. புத்தகத்தைக் கொடுக்கும், வாங்கிக்கொள்ளும். சைனம்பு முகத்தை அவன் பார்த்ததில்லை. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷனைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருப்பவள் என்று தெரியும். அவள் மத்தியானங்களில் உரக்கப் படிப்பாள். மாமியார் சுல்தானா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டும், நாத்தனார் அஜீசுன்னிசா எம்பிராய்டரி போட்டுக்கொண்டும் கேட்பார்கள்.

"சாவு இல்லாத கதையில உப்பு இல்ல காசி அண்ணே" என்பது அவள் வழக்கமாகச் சொல்வது. அவள் சொல்கிற தீர்ப்புகளை அவன் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் தன்னுடையதாகச் சொல்லிப் பேர் வாங்கியிருக்கிறான். பெரிய பெரிய வார்த்தை போட்டு எழுதின ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்: "ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் இவுங்க யாரும் ஒரு வாய் சாப்புடல. சாப்புடாதவங்க அழுதா எனக்கு அழுகை வரல."

அவளுக்குப் பிடித்தது தட்டுக் கதை. கப்பலில் போன புருஷன் அங்கேயே செத்துப்போகிறான். செய்தி தெரிந்த பிறகும் பெண்டாட்டி தினம் அவனுக்கு ஒரு தட்டு வைக்கிறாள். அவ்வளவுதான் கதை. அட்டை பிய்ந்து போயிருந்த அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியவள், மறுவாரம் ஒரு துண்டுத் துணியோடு திருப்பிக் கொடுத்தாள். லியாக்கத் பினாங்கிலிருந்து அனுப்பின நீலக் கைலி, கட்டம் போட்டது, ஓரம் கிழிந்தது.

"இதுல அட்டை போடுங்க. கந்தலாக் கெடக்க வேண்டிய புத்தகம் இல்ல."

"அப்புடி என்னா தங்கச்சி அதுல?"

"புருசன் செத்த சேதி வந்தன்னைக்கு அவ அழுதான்னு எழுதியிருந்தா மறந்திருப்பேன். அன்னைக்கு என்னா கொழம்பு வச்சான்னு எழுதியிருக்கான். அது மறக்க மாட்டேங்குது."

---

சேதி வந்த வாரத்திலிருந்து காசிநாதன் புத்தகம் பொறுக்க ஆரம்பித்தான். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, யாராவது செத்தால் தள்ளிவைத்தான். கப்பல் வந்தால் தள்ளிவைத்தான். கடைசியில் அவன் கையில் தேறியவை மெலிந்த புத்தகங்கள்.

முதலில் ஒரு சிரிப்புக் கதை கொண்டுபோனான். மறுவாரம் அது திரும்பி வந்தது.

"இது கதையா, காலண்டர் படமா? அந்த வீட்டுல யாருக்கும் பசிக்கல, யாருக்கும் கால் வலிக்கல." வளையல் சிணுங்கியது. "ஆனா ஒண்ணு அண்ணே. சிரிக்கிற எடத்துல மாமி எழுந்து கெணத்தடிக்குப் போயிட்டாங்க. முந்தியெல்லாம் அவுங்கதான் ஜாஸ்தி சிரிப்பாங்க."

சுல்தானாவுக்கு மஜீத் சொல்லிவிட்டார் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. பெற்றவள் சிரிப்புக் கதை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தது அவன்தான்.

தட்டுக் கதையை மறுபடி கொடுங்கள் என்று சைனம்பு கேட்டாள். அஜீசு கல்யாணமாகிப் போகுமுன் ஒருதரம் படித்துக்காட்ட வேண்டுமாம். கீரப்பாளையத்தில் ஒரு வீட்டில் இருக்கிறது, வந்ததும் தருகிறேன் என்றான். புத்தகம் அவன் வீட்டு அலமாரியில் இருந்தது.

முட்லூர் டீக்கடையில் சாமிக்கண்ணு எதிர்ப்பட்டான். புயல் சின்னம் என்று படகு எல்லாம் மேட்டில் ஏறிக் கிடந்த நாட்கள். வேலை இல்லாத செம்படவன் கையில் டீ ஆறிப்போயிருந்தது.

"என்னா மச்சான், அந்தப் புள்ளைக்கு என்னா கதை குடுக்குற?"

"சிரிப்புக் கதை."

சாமிக்கண்ணு சிரிக்கவில்லை. "எங்க குப்பத்துல வலைக்குப் போனவன் வரலன்னா யாரும் அவன் வூட்டுக்குப் போயி சொல்ல மாட்டோம். சொல்ல வாணாம். தெனம் தண்ணிக் கொழாயாண்ட சண்ட போடுறவ அன்னைக்கி 'நீ மொதல்ல புடி'ன்னு கொடத்த நவுத்துவா. அவ்ளோதான். அவன் பொண்டாட்டி கொடத்தப் போட்டுட்டு ஓடியாந்துடுவா."

"இது அப்புடி இல்லடா."

"நீ கொடத்த நவுத்துற மச்சான்" என்றான் சாமிக்கண்ணு. "பாத்துக்க."

காசிநாதன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படிக்காதவன் பேச்சு என்று தள்ளினான் என்பதுதான் நிஜம். அடுத்த வாரம் இன்னும் கவனமாக ஒரு புத்தகம் தேடினான்.

---

நிக்காஹுக்கு முந்தின நாள் அவனுடைய பரங்கிப்பேட்டை முறை. போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேள்வி வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாக முட்லூரில் பேசிக்கொண்டார்கள். சிதம்பரத்தில் அவன் வீட்டு ஓடு முந்தின நாளே பிய்த்துக்கொண்டு, அலமாரி மேல் தண்ணீர் கொட்டியது. இருந்த புத்தகம் அத்தனையையும் இரண்டு பைக்குள் திணித்து, மேலே மெழுகுத் துணி கட்டிக்கொண்டு கிளம்பினான். சைக்கிள் கனத்தது. எதிர்க்காற்றில் உப்பு இருந்தது.

மத்தியானம்தான். ஆனால் பொழுது சாய்ந்த மாதிரி இருட்டியிருந்தது. மஜீத் வீட்டு முன்புறம் பந்தலுக்கு அடியில் அடுப்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். காற்றுக்குக் கீற்றை இழுத்துக் கட்டு என்று யாரோ கத்தினார்கள். சந்துவரை வெங்காய வாசனை வந்தது.

ஜன்னலில் திரை ஆடியது. சைக்கிள் மணி அடிப்பதற்கு முன்பே அவள் அங்கே இருந்தாள்.

"வேலை ஜாஸ்தி. இன்னைக்குப் புத்தகம் வாணாம் அண்ணே" என்றாள். போன வாரம் வாங்கின துப்பறியும் கதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கை வெளியே வரவில்லை. "ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க தங்கச்சி."

"ஒரு மாசத்துக்கு மேல நீங்க குடுத்த கதையில ஒருத்தன்கூடச் சாவல. ஒரு ஆடு மாடுகூடச் சாவல. துப்பறியிற கதை குடுத்தீங்க, அதுலயும் கொலை இல்ல, நெக்லஸு காணாமப் போவுது. கொலை இல்லாத துப்பறியிற கதைய எங்க அண்ணே தேடிப் புடிச்சீங்க?"

அவள் குரலில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை.

"மழைக்காலம். கல்யாண வீடு. சிரிச்சாத் தேவலன்னு..."

"யாருக்கு?"

அவன் சாய்ந்திருந்த சைக்கிளை நிமிர்த்தினான்.

"கப்பல் வரல, கடல் வரல. வெளியூர் போனவன் கதை ஒண்ணே ஒண்ணு. அவனும் டில்லிக்கு ரயில்ல போயிட்டு மிட்டாய்ப் பொட்டியோட வந்துட்டான்." வளையல் சத்தம் நின்றிருந்தது. "நேத்து மாமி என் கையிலேர்ந்து அஜீசு கழுத்துல கட்டப்போற கருகமணிய வாங்கிக்கிட்டாங்க. நீ விடு, நான் கோத்துக்குறேன்னாங்க. புருசன் இருக்குறவதான் கோக்கணும்னு அத எங்கிட்ட குடுத்ததே அவுங்கதான்."

சந்தில் யாருமில்லை. தென்னை ஓலை ஒன்று பிய்ந்து சுவர்மேல் விழுந்தது.

"தட்டுக் கதை எங்க அண்ணே?"

"கீரப்பாளையத்துலேர்ந்து இன்னும் வரல."

காற்று மெழுகுத் துணியின் ஒரு முனையை அவிழ்த்துத் தூக்கியது. அவன் பிடிப்பதற்குள் அது சைக்கிள் மேல் படபடவென்று அடித்துக்கொண்டது.

"பையில நீலமா இருக்கே. அது என்னா?"

புத்தகத்தைப் பற்றிப் பொய் சொல்லலாம். ஒன்றைப் போல ஒன்று இருக்கும். துணியைப் பற்றிச் சொல்ல முடியாது. புருஷன் அனுப்பின கைலி, அவள் கையால் கிழித்துக் கொடுத்த துண்டு. காசிநாதன் பையை மூட வேண்டிய கையைச் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். சிரிப்புக் கதை, டில்லிக் கதை, நெக்லஸ் கதை எல்லாமாகச் சேர்ந்து அவன் அவளுக்கு ஒரே ஒரு சேதியைத்தான் வாரா வாரம் படித்துக் காட்டியிருக்கிறான். சாமிக்கண்ணு சொன்ன குடம் ஞாபகம் வந்தது.

"சொல்ல வாணாம். சொல்லிட்டீங்க" என்றாள். "எப்பன்னு மட்டும் சொல்லுங்க."

மற்ற இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். அவன் தலையை ஆட்டினான், அவ்வளவுதான். அதில் ஒரு சந்து இருக்கிறது என்று அன்றைக்கே எங்கோ ஓர் ஓரத்தில் குறித்து வைத்திருந்தான் போலும்.

"பொரட்டாசி கடைசி வெள்ளி. காய்ச்சல். இஸ்மாயில் பாய் கூட இருந்தாரு. அவருதான் குளிப்பாட்டுனாரு."

முன்புறத்தில் அண்டா இறக்குகிற சத்தம் வந்தது. அஜீசுன்னிசா எதற்கோ யாரையோ கூப்பிட்டுச் சிரித்தாள்.

"அன்னைக்கு நான் இறால் வாடா சுட்டேன்" என்றாள் சைனம்பு. "அஜீசு ஆசையாக் கேட்டா. எண்ணெய ஜாஸ்தி ஊத்திட்டேன்னு மாமி திட்டுனாங்க. நான் ஒண்ணு கூடவே தின்னேன்."

பிறகு கணக்குப் பார்க்கிற குரலில் சொன்னாள்.

"அப்ப இத்தாவுல பாதி போயிடுச்சி. அந்தப் பாதிய நான் பூ வச்சிக்கிட்டுக் கழிச்சிட்டேன். வீடு வீடாப் போயி கல்யாணத்துக்கு அழைச்சேன். ஊரே பாத்துச்சி."

"ஊருக்குத் தெரியாது தங்கச்சி. நாலு பேருக்குத்தான்..."

"நாளைக்குத் தெரியும். தெரிஞ்ச பொறவு நெனச்சிப் பாப்பாங்கல்ல, அன்னைக்கு அவ கட்டிக்கிட்டு வந்த சேலைய."

வளையல்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு மரப்பலகைமேல் அவற்றை அடுக்குகிற சத்தம். உடைக்கவில்லை, ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தாள். திரைக்குக் கீழே கை வந்தது, துப்பறியும் கதையோடு. மணிக்கட்டில் வளையல் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"இத வச்சிக்குங்க. அதக் குடுங்க."

அவன் நீல அட்டையை எடுத்துக் கொடுத்தான். கை உள்ளே போயிற்று. ஜன்னல் கதவு ஒன்று சாத்திக்கொண்டது, பிறகு மற்றது. காசிநாதன் போயிருக்க வேண்டும். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். ஜன்னல் பலகைக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் கேட்டது.

அறையின் உள்கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்சம் கழித்துக் கதவைத் தட்டுகிற சத்தம், மெதுவாக, விருந்தாளிகளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று உள்ளங்கையால்.

"சைனம்பு. எம்மா. என்னா பண்ணுற?"

"இத்தா உக்காந்துட்டேன் மாமி."

பிறகு சுல்தானாவின் குரல் தரையை ஒட்டி வந்தது. கதவடியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நாளைக்கு ஒரு நாளும்மா. ஒரே நாளு. அஜீசு மொகத்துக்காக. நான் பெத்தவதான, நானே பொறுத்துக்கிட்டு இல்லையா?"

"நீங்க பொறுத்துக்கிட்டீங்க. நான் பொறுத்துக்கல மாமி, எனக்குத் தெரியாது. ரெண்டும் வேற."

கனமான கால்கள் நடந்து வந்து கதவுக்கு முன்னால் நின்றன. மஜீத் தட்டவில்லை, மருமகளைக் கூப்பிடவும் இல்லை. கயிறு அளந்த அன்றைக்கு இருந்த மாதிரியே அவர் குரலில் எந்த நடுக்கமும் இல்லை.

"எழுந்திரு சுல்தானா. மொகத்தக் கழுவிக்கிட்டு முன்னால போ. கேக்குறவங்ககிட்டக் காய்ச்சல்ல படுத்திருக்கான்னு சொல்லு."

காய்ச்சல் என்ற சொல்லுக்குச் சுல்தானா ஒருமுறை விம்மினாள். சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது போல அது பாதியில் அறுந்தது.

உள்ளே புத்தகத்தில் ஒரு பக்கம் புரண்டது, அல்லது காற்றாக இருக்கலாம். பிறகு வெளியிலிருந்து சங்கிலியை இழுத்துக் கொண்டியில் மாட்டுகிற சத்தம் கேட்டது. உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு மஜீத் வெளியே பூட்டைப் போட்டார். பூட்டு விழுந்ததா என்று ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.